முகத்தில் கரி!

"அண்ணே, கெட்டுப்போன தபால் தலையை எதற்காகக் கண்ணாடிக்குள் வைத்துக் காவல் காக்கிறார்கள்?"

தபால் தலைக் கண்காட்சி ஒன்றில், பள்ளி மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்ட கேள்வி இது. அவன் விரல் நீட்டிய இடத்தில் ஒரு பழைய உறை. உறையின் மூலையில் ஒரு ஜெர்மன் தபால் தலை. தலை என்கிறோம், ஆனால் தலையைக் காணோம்! விலை தெரிகிறது, எழுத்துத் தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மை. அவசர அவசரமாக அப்பிய மை.

"தம்பி! அது கெட்டுப்போன தலை அல்ல, கெட்டவன் தலை!" என்றோம்.

சிரித்தான். பிறகு சிந்தித்தான். "யார் அண்ணே பூசினார்கள்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு அங்கே நின்றபடி பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே சொல்கிறோம். கடிதம் எழுதும் வழக்கமே அருகிவிட்ட இந்நாளில் தபால் தலையைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ணாதீர்கள், தோழர்களே! ஆள வந்தவர்கள் நாட்டு மக்களின் நாவையும் கையையும் காசையும் தங்கள் புகழ்பாட எப்படிப் பிடித்து இழுத்தார்கள் என்பதை, இந்த விரற்கடைத் தாளைப்போல் விளக்கமாகச் சொல்ல வேறொன்று கிடையாது.

தலை ஆண்ட கதை

அந்தத் தாளுக்குத் தமிழன் 'தலை' என்று பெயர் வைத்தானே, அதைவிடப் பொருத்தமான பெயர் வேறுண்டா? 1840ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் உலகின் முதல் தபால் தலை வெளிவந்தது. அதில் இருந்தது விக்டோரியா ராணியின் தலை. நாட்டின் பெயர்கூடப் போடவில்லை. ராணியின் முகமே போதும், பெயர் எதற்கு என்ற எண்ணம். இன்றளவும் பிரிட்டன் தன் தபால் தலையில் நாட்டின் பெயரைப் போடுவதில்லை. முடிசூடியவரின் முகத்தை வைத்தே காலம் தள்ளுகிறது. 1854இல் இந்தியா முழுவதற்குமான தபால் தலை வந்தது. அதிலும் அதே ராணி! கப்பலேறி இந்த மண்ணுக்கு ஒரு நாளும் வராதவர், காலணா அரையணாத் தாளில் ஏறி ஊர் ஊராக, வீதி வீதியாக வந்து சேர்ந்தார்.

சுவரொட்டி ஒட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடலாம். ஏடு பிடிக்கவில்லையென்றால் வாங்காமல் இருந்துவிடலாம். வானொலி கசந்தால் திருகி நிறுத்திவிடலாம். தபால் தலையை என்ன செய்வது? தாய்க்கு எழுதினாலும் அது வேண்டும். தாரத்துக்கு எழுதினாலும் அது வேண்டும். 'பணம் அனுப்பு' என்று மகனுக்கு எழுதினாலும் அது வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டும், நாவால் ஈரப்படுத்த வேண்டும், நம் கையாலேயே ஒட்ட வேண்டும். பிரசாரகனுக்குக் கூலி கொடுப்பது உலக வழக்கம். இங்கேயோ கூலியைப் பிரசாரகனிடமே வசூலித்துக்கொள்கிறது சர்க்கார்!

இந்த வித்தையை முற்றக் கற்றது ஹிட்லரின் ஜெர்மனி.

முகம் பழையது, முதுகு புதியது

அங்கே ஹிட்லர் வருவதற்கு முன்பு பசி வந்தது. 1923இல் ஜெர்மன் நாணயம் சரிந்தது. சரிந்தது என்றால் பாதாளத்திற்கே போயிற்று. அந்த ஆண்டின் இறுதியில் வெளியான தபால் தலை ஒன்றின் விலை 5,000 கோடி மார்க்! நாள் ஏற ஏறக் கட்டணம் ஏறியதால், ஒரே கடிதத்தில் தலைமேல் தலையாக ஒட்டி, முன்புறம் போதாமல் பின்புறமும் ஒட்டிய உறைகளைச் சேகரிப்போரிடம் இன்றும் காணலாம். வாழ்நாள் சேமிப்பெல்லாம் ஒரு கடிதம் போடக்கூடப் போதாமல் போன மக்கள், மீட்பன் எவனாவது வரமாட்டானா என்று ஏங்கினார்கள். ஏங்கியவர்களைத் தேடி வந்தான், ஏமாற்றத் தெரிந்தவன்.

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பிரதமரானான். உடனே தன் முகத்தை ஒட்டினானா? இல்லை. அவசரப்படவில்லை. தபால் தலையில் முதிய குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் முகமே நீடித்தது. ஆனால் 1934 முதல் அச்சான தலைகளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாளுக்குள்ளே, நீர்க்குறியாக, வரிசை வரிசையாக நாஜிகளின் சுவஸ்திகா! முன்னே மரியாதைக்குரிய கிழவர். பின்னே மறைந்திருக்கும் சின்னம். முகம் பழையது, முதுகு புதியது. அந்த ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஹிண்டன்பர்க் மறைந்தார். மறைந்திருந்தது வெளியே வந்தது.

1935 ஜனவரி. சார் மாநிலத்து மக்கள் ஜெர்மனியோடு சேர்வதா இல்லையா என்று வாக்களித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சேர்வோம் என்றார்கள். அதே மாதம் தபால் தலை வந்தது: பிரிந்த பிள்ளையைத் தாய் வாரி அணைக்கும் படம். பார்ப்பவர் கண்ணில் நீர் வரும். வர வேண்டும் என்பதற்காகத்தானே வரைந்தது!

1938 மார்ச்சு. ஆஸ்திரியாவுக்குள் ஜெர்மன் படை புகுந்தது. புகுந்த பிறகு, 'சம்மதமா?' என்று வாக்கெடுப்பு. ஏப்ரல் 10ஆம் நாள். வாக்குச் சீட்டில் 'ஆம்' என்பதற்குப் பெரிய வட்டம், 'இல்லை' என்பதற்குச் சின்ன வட்டம். தபால் தலையோ ஏப்ரல் 8ஆம் நாளே வெளிவந்துவிட்டது. சுவஸ்திகாக் கொடியை இருவர் தாங்கி நிற்கிறார்கள். 'ஒரே மக்கள், ஒரே நாடு, ஒரே தலைவர்' என்பது வாசகம். பெட்டியில் சீட்டு விழ இரண்டு நாள் இருக்கும்போதே, தபால் பெட்டியில் தீர்ப்பு விழுந்துவிட்டது! ஆஸ்திரியா என்ற பெயரே தபால் தலையிலிருந்து மறைந்தது.

தபாலுக்கு 12, தலைவனுக்கு 38

பிறகென்ன? 1937 தொடங்கி ஆண்டுதோறும் ஹிட்லரின் பிறந்த நாளுக்குத் தபால் தலை. அவற்றில் பலவற்றில் இரண்டு எண்கள் இருக்கும்: 12 + 38. அதாவது, கடிதம் போய்ச்சேர 12 பென்னிக். ஹிட்லர் பெயரைச் சொல்லித் திரட்டிய கலாசார நிதிக்கு 38 பென்னிக். தபாலுக்கு ஒரு பங்கு, தலைவனுக்கு மூன்று பங்கு! புகழ்மாலையைக் குடிமகனே கட்டி, பூவின் விலையையும் அவனே கொடுக்க வேண்டும்.

1941 ஆகஸ்டில் அன்றாடத் தபால் தலைகளிலும் ஹிட்லர் முகம் ஏறியது. கார்டுக்கு 6 பென்னிக், கடிதத்துக்கு 12 பென்னிக். எதை எழுதினாலும் மூலையில் அந்த மீசை. அந்த ஆண்டிலேயே, பிடித்த நாடுகளுக்கென்று அதே தலையின் மீது 'ஆஸ்ட்லாந்து' என்றும் 'உக்ரைன்' என்றும் அச்சடித்து அனுப்பினார்கள். ஊரைப் பிடித்தவுடன் உணவு போயிற்றா என்று பார்க்கவில்லை. தலை போயிற்றா என்று பார்த்தார்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1943 பிப்ரவரியில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்தது. அன்றிலிருந்து அந்த நாட்டின் எல்லை சுருங்கத் தொடங்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் தபால் தலையிலோ பெயர் நீண்டது! அதுவரை 'ஜெர்மன் ரீச்' என்றிருந்தது, 'மகா ஜெர்மன் ரீச்' ஆயிற்று. நிலம் குறையக் குறைய எழுத்து வளர்ந்தது. தோற்பவன் குரல்தானே உரக்கக் கேட்கும்!

வேடிக்கை இத்தோடு முடிந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். முடியவில்லை.

பிராக் நகருக்கு வடக்கே தெரேசின் என்றொரு கோட்டை நகரம். ஜெர்மானியர் அதைத் தெரேசியன்ஸ்டாட் என்றார்கள். யூதர்களை அங்கே அடைத்தார்கள். 1943 ஜூலையில் அந்தச் சிறைக்கென்றே ஒரு தபால் தலை வெளியிட்டார்கள். அதில் என்ன படம்? முள்வேலியா? இல்லை. அமைதியான நாட்டுப்புறக் காட்சி! வெளியே இருக்கும் உறவினர் உணவுப் பொட்டலம் அனுப்ப வேண்டுமானால் அந்தத் தலை ஒட்டியிருந்தால்தான் உள்ளே போகும். பசித்த வயிற்றுக்கும் ரொட்டித் துண்டுக்கும் நடுவே ஓர் அழகிய படம். 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது ஊருக்கே வண்ணம் பூசிக் காட்டினார்கள்; தாளுக்குப் பூசிய வண்ணம் அதற்கு முன்னோட்டம். அந்நகருக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 1,40,000 பேரில் சுமார் 33,000 பேர் அங்கேயே மாண்டனர். 88,000 பேர் அளவில் கிழக்கே, கொலைக்களங்களுக்கு ஏற்றி அனுப்பப்பட்டனர்.

இங்கேதான் தோழர்களே, தலையைவிட உறை முக்கியமாகிறது. தலை, ஆள்பவன் சொல்ல விரும்பியதைச் சொல்லும். உறை, நடந்ததைச் சொல்லும். அந்நாளைய யூதர்களுக்கு உறவினர் போட்டுத் திரும்பி வந்த கடிதங்களில் ஒரு குறிப்பு காணப்படுகிறது: 'பெறுபவர் புறப்பட்டுவிட்டார், முகவரி தரவில்லை.' புறப்பட்டுவிட்டாராம்! எங்கே புறப்பட்டார்? யார் புறப்பட வைத்தது? எழுத்தர் ஒருவர் கைபழகிய வேகத்தில் போட்ட அந்த ஒரு வரிக்குள் ஒரு குடும்பமே புதைந்து கிடக்கிறது. உறையைக் கிழித்தெறிந்துவிட்டுத் தலையை மட்டும் வைத்திருந்தால், மிஞ்சியிருப்பது ஹிட்லரின் முகம். தொலைந்திருப்பது அந்த யூதரின் பெயர்.

தலைக்குத் தலை

எதிரிகள் சும்மா இருந்தார்களா? அவர்களும் தலையை எடுத்தார்கள் ஆயுதமாக. 1943இல் பிரிட்டிஷ் ரகசிய இலாகா, ஹிட்லர் தலை இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய காவற்படைத் தலைவன் ஹிம்லரின் முகத்தைப் போட்டுப் போலித் தபால் தலை அடித்தது. 'அடுத்த தலைவன் நான்தான் என்று ஹிம்லர் கிளம்பிவிட்டான்' என்று ஜெர்மானியர் எண்ணட்டும், வீட்டுக்குள்ளேயே சந்தேகம் முளைக்கட்டும் என்பது திட்டம்.

அமெரிக்க உளவுத் துறை ஒரு படி மேலே போயிற்று. 1945 பிப்ரவரி முதல், ஜெர்மன் தபால் ரயில்களைக் குண்டு வீசித் தகர்த்து, சிதறிக் கிடக்கும் மூட்டைகளுக்கிடையே போலித் தபால் மூட்டைகளையும் விமானத்திலிருந்து போட்டார்கள். தகர்ந்த ரயிலிலிருந்து கிடந்த மூட்டைதானே என்று தபால் ஊழியர் எடுத்துப்போய் வீடு வீடாகப் பட்டுவாடா செய்ய வேண்டும். காலை உணவு மேசைக்கு எதிர்ப்புப் பிரசாரம் போய்ச்சேர வேண்டும். உறைமேல் ஒட்டியது அசலைப் போன்ற ஹிட்லர் தலை. அவர்கள் அடித்த இன்னொரு தலையிலோ, ஹிட்லர் முகத்தில் பாதி மண்டையோடு! 'டாய்ச்சஸ் ரீச்' என்ற நாட்டுப் பெயருக்குப் பதிலாக 'ஃபுட்சஸ் ரீச்', அதாவது 'பாழாய்ப்போன ரீச்'.

ஜெர்மானியரும் பதிலுக்குச் செய்தார்கள். பிரிட்டிஷ் மன்னரின் வெள்ளிவிழாத் தலையில் மன்னர் முகத்தை எடுத்துவிட்டு ஸ்டாலின் முகத்தை வைத்து, 'இது யூதர் போர்' என்று எழுதி அடித்தார்கள். எங்கே அடித்தார்கள் தெரியுமா? சாக்சன்ஹவுசன் வதைமுகாமில். யார் கையால் தெரியுமா? கள்ள நோட்டு அச்சடிக்கப் பூட்டி வைத்திருந்த யூதக் கைதிகளின் கையால்! தன் இனத்தின் மீதான பழியைத் தன் கையாலேயே அச்சடி என்று கட்டளையிட்ட கொடுமை, வேறெந்தத் தாளிலும் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு பெரிதாக எழுதப்படவில்லை.

நம் நாட்டுக்கும் அதே பெர்லினில் ஒரு கணக்கு உண்டு. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் இயக்கத்துக்கென்று 1943இல் ஜெர்மன் அரசு அச்சகத்தில் தபால் தலைகள் அச்சாயின. உழவன், நூற்கும் பெண், காயம்பட்டவனைத் தாங்கும் செவிலி, அறுபடும் சங்கிலி என்று படங்கள். அடித்த இடம் எதேச்சாதிகாரியின் தலைநகர். அதில் கண்ட கனவோ விடுதலை. வரலாற்றின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று. அந்தத் தலைகள் எந்தக் கடிதத்தையும் சுமந்து செல்லவில்லை; எந்த ஊர் முத்திரையும் அவற்றின் மீது விழவில்லை. தபால் இல்லாத தபால் தலை அது. கனவை அச்சடித்துவிடலாம், அதன்மேல் முத்திரை குத்த வேண்டியது காலம்.

யார் பூசினார்கள்?

1945 ஏப்ரல். பெர்லின் வாசலில் சோவியத் பீரங்கி. அப்போதும் புதிய தபால் தலை வெளிவந்தது. ஹிட்லரின் புயற்படை வீரர்களின் மிடுக்கான முகங்களோடு! புதிய தாளாக எத்தனையோ இன்று விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஆனால் முறைப்படி தபாலில் போய்ச் சேர்ந்த உறை அரிதிலும் அரிது. தலை தயாராக இருந்தது; அதைச் சுமக்கத் தபாலும் இல்லை, ஆள அரசும் இல்லை.

மே மாதம் ஜெர்மனி வீழ்ந்தது. சாக்சனி மாநிலத்துத் தபால் நிலையங்களில் கையிருப்பில் கிடந்தவை ஹிட்லர் தலைகள். புதுத் தலை அடிக்க வசதியில்லை. பழைய முகத்தோடு விற்கவும் வழியில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு முகத்தின்மேல் மையை அப்பினார்கள். கரியைப் பூசி விற்றார்கள்! ஆஸ்திரியாவிலோ, அதே தலையின்மீது 'ஆஸ்திரியா' என்று குறுக்கே அச்சடித்தார்கள். ஏழாண்டுகளுக்கு முன் எந்தப் பெயரை அழித்தானோ அந்தப் பெயர் அவன் முகத்தின் மேலேயே திரும்பி வந்தது. முகத்தில் கரி பூசுவது என்று நம் பாட்டிமார் பேச்சுக்குச் சொல்வார்கள். வரலாறு அதைச் செய்தே காட்டியது.

மாணவன் கேட்டதற்கு இதுதான் நேர்ப் பதில். ஆனால் நாம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த மையைப் பூசிய கைகளெல்லாம் வீரக் கைகள் அல்ல. நேற்றுவரை அதே முகத்தை எண்ணி எண்ணி விற்ற கைகள்தாம் அவை. வெற்றி பெற்ற படை தெருவில் நின்ற பிறகு கரி பூசுவதற்குத் துணிச்சல் தேவையில்லை. மை இருந்தால் போதும்.

துணிச்சல் வேறு இடத்தில் இருந்தது. பெர்லினில் ஓட்டோ ஹம்பல், எலிசே ஹம்பல் என்று ஒரு தம்பதியர். கணவன் ஆலைத் தொழிலாளி. பெரிய படிப்பில்லை, பின்னால் கட்சியில்லை, கையில் துப்பாக்கியில்லை. 1940இல் எலிசேயின் தம்பி போரில் மாண்டான். அழுது ஓய்ந்தார்களா? இல்லை. தபால் அட்டைகளில், கோணல்மாணலான எழுத்தில், 'ஹிட்லருக்குத் துணை போகாதீர்' என்று எழுதினார்கள். மாடிப்படிகளிலும் வாசல்களிலும் போட்டுவிட்டு நடந்தார்கள். இரண்டாண்டுகளில் இருநூறு அட்டைகளுக்கு மேல்! அவற்றில் ஒன்றின் நடுவே ஹிட்லர் தலை ஒட்டியிருக்கிறது. அந்த முகத்தின் மேல் கையால் எழுதியிருக்கிறார்கள்: 'தொழிலாளர்களைக் கொன்றவன்'.

1945இல் பூசிய கரி அல்ல அது. ஹிட்லர் உச்சியில் இருந்தபோதே பூசிய கரி!

கண்டெடுத்தவர்கள் படித்துத் திருந்தினார்களா? அஞ்சினார்கள். ஏறக்குறைய எல்லா அட்டைகளையும் ரகசியப் போலீசிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். 1942இல் தம்பதியர் பிடிபட்டார்கள். 'மக்கள் நீதிமன்றம்' என்று பெயர் சூட்டிய கொலைமன்றம் தண்டனை விதித்தது. 1943 ஏப்ரல் 8ஆம் நாள், 'ஒரே தலைவர்' தபால் தலை வெளிவந்து சரியாக ஐந்தாண்டு நிறைந்த அதே நாளில், பெர்லினின் பிளோட்சன்சே சிறையில் இருவரின் தலையையும் வெட்டினார்கள். ஒரு தலைமேல் எழுதியதற்கு இரண்டு தலை!

அந்த அட்டைகள் இன்று நமக்குக் கிடைத்தது எப்படி? கொன்றவர்களே கோப்பில் கட்டி, தேதியிட்டு, பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். குற்றத்துக்குச் சாட்சி என்று அவர்கள் சேர்த்து வைத்தது, அவர்கள் குற்றத்துக்கே சாட்சியாக நிற்கிறது.

கண்காட்சியில் அந்த மாணவன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டான்: "ஹிட்லர் தலையை இப்படிச் சேர்த்து வைப்பது அவனுக்கு மரியாதை செய்வது ஆகாதா, அண்ணே?"

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. கொலைக் கத்தியை நீதிமன்றம் பூட்டி வைக்கிறதே, பூசை போடவா? சாட்சிக்கு! தலையை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து உரித்தெடுத்து, பளபளக்கும் பக்கத்தில் வரிசையாக ஒட்டி அழகு பார்த்தால், அது ஆள்பவன் வைத்த கொலு. உறையோடு வைத்தால், அது மக்கள் எழுதிய வழக்கு. எந்த ஊரில் போட்டது, எந்த நாளில் குத்தியது, யார் பிரித்துப் படித்து மீண்டும் ஒட்டியது, யாருக்குப் போய்ச் சேராமல் திரும்பியது, இவையெல்லாம் உறையில்தான் இருக்கின்றன. வாங்கும்போதும் விழிப்பு வேண்டும். பழைய ஹிட்லர் தலையும் ஒரு புட்டி மையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் 'சாக்சனிக் கரி' செய்துவிடலாம், செய்தும் இருக்கிறார்கள். போலியைக் காட்டிக்கொடுப்பதும் உறையும் முத்திரையும்தான்.

ஆகவே தம்பி, வீட்டுப் பரணில் தாத்தாவின் கடிதக் கட்டு கிடந்தால், தலையை உரிக்கத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடாதே. உறையைத் திருப்பிப் பார். முன்பக்கம் ஆண்டவன் முகம் இருக்கும். பின்பக்கம் ஆளப்பட்டவன் வாழ்வு இருக்கும்.

கரி பூசிய அந்தத் தலையை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நாம் வெளியே வந்தோம். வெற்றிக்குப் பிறகு பூசிய கரி கண்ணாடிக்குள் இருந்தது. வெற்றியைப் பற்றி எண்ணாமலே பூசிய அந்த இருவரின் எழுத்தோ, நம் நெஞ்சுக்குள் இருந்தது.